மூட்டைச் சூட்டை அளக்கும் தாள்: முத்திரை போடுவது யார்?



ஈரம் வாங்கிய மல்லியோ துவரையோ நடு அட்டியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஓர மூட்டை குளிர்ந்திருக்கும், உள் மூட்டை புழுங்கிக் கிடக்கும். வண்டும் பூஞ்சையும் பெருகுவதற்கு அந்தச் சூடே முதல் அடையாளம். நாமோ ஓர மூட்டையில் குத்தூசி போட்டு, மோந்து பார்த்து முடிவு செய்கிறோம். வாடை வரும்போது பாதிச் சரக்கு போயிருக்கும்.

பாதரசத் தெர்மாமீட்டரை அட்டிக்குள் வைக்க முடியாது. உடைந்தால் பாதரசம் உணவுப் பண்டத்தில் கலக்கும். இதற்கு மாற்றாக, பிளாஸ்டிக்கில் கரித்தூள் கலந்து, வளைத்தாலும் உடையாத மெல்லிய தாள் செய்கிறார்கள். லாரி டயரைக் கறுப்பாக்கும் அதே வகைக் கரித்தூள்தான். துகள்கள் தொட்டுக்கொண்டிருக்கும்வரை மின்சாரம் ஓடும். சூடு ஏறினால் பிளாஸ்டிக் விரியும், துகள்கள் விலகும், மின்சாரம் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துச் சூட்டைக் கணக்கிடுகிறார்கள். அட்டி போடும்போதே மூட்டைகளுக்கு நடுவே வைத்து, கம்பியை வெளியே விட்டால் போதும்.

கரித்தூள் இல்லாமலே மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கும் உண்டு. அதைக் கண்ட ஹீகர், மக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வகைப் பிளாஸ்டிக் பற்றி நம் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் ஆய்வு நடந்திருக்கிறது. 1953-ல் திறக்கப்பட்ட அந்த நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். வணிகர் பணத்தில் எழுந்த இடத்தில் வணிகர் போய்க் கேட்பதில் வெட்கம் இல்லை.

ஆனால் புதுமை என்று சொல்லி விற்க வருகிறவரிடம் உடனே பணத்தை நீட்டக் கூடாது. கரித்தூள் தாள் சூடேறி ஆறிய பிறகு பழைய அளவுக்கே திரும்பாமல் போவதுண்டு. மற்ற வகையில் சில, காற்றின் ஈரத்துக்கே அளவு மாறிவிடும். ஐப்பசி மழையில் இது விளையாட்டல்ல. “உங்கள் சரக்கு 40 டிகிரி காட்டியது, விலையைக் குறையுங்கள்” என்று மில்காரர் சொன்னால், அவர் தாளை நம்புவதா, நம் தாளையா?

தராசில் முத்திரை இல்லாவிட்டால் நாம் அபராதம் கட்டுகிறோம். 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம் நம் கடைவாசல்வரை வருகிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்குக்கூட அதில் விதி உண்டு. விலையைக் குறைக்கக் காரணமாகும் கருவி எதுவானாலும் அதற்கும் முத்திரை வேண்டும் என்பதே நமது கருத்து. இதைச் சங்கம் இப்போதே அரசிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வம்பு வந்த பிறகு கேட்டால் பயனில்லை.

சில்லறைக் கடைக்காரருக்கு இதில் அவசரம் ஏதுமில்லை. இரண்டு மூட்டையைப் பிரித்து வெயிலில் காயப்போட்டால் அவர் வேலை முடிந்தது. மாசி, பங்குனியில் வாங்கி மழைக்காலம் தாண்டி இருப்பு வைக்கும் மொத்த வியாபாரிக்குத்தான் இது தேவை.

காரைக்குடியாரையும், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனத்தாரையும் சங்கம் திருமங்கலத்துக்கு அழைக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஓர் அட்டியில் தாளை வைத்துப் பார்ப்போம். தாள் சொன்னதும் மூட்டையைப் பிரித்துக் கண்டதும் ஒத்துப்போனால் விலை பேசலாம். அட்டி போட நமது கிட்டங்கியில் இடம் தருகிறோம்.