ஓடுபவருக்குப் பின்னால் ஓடுபவர்கள்

உங்கள் வீட்டில் யாராவது ஓடுகிறார்களா? ஐந்து கிலோமீட்டரோ, ஐம்பது கிலோமீட்டரோ, எதுவானாலும் சரி. ஓடுபவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அவருக்காகத் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வைத்து, "எங்கே இருக்கே? சாப்பிட்டியா?" என்று நிமிடத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் உங்களைப் பற்றி இந்த வாரம் பேசலாமே.

2024ஆம் ஆண்டு, நம் ஊரில் வசிக்கும் நேட்டலி டாவ் என்ற 52 வயதுப் பெண்மணி, தாய்லாந்தின் ஹாட் யாயிலிருந்து மலேசியா வழியாகச் சிங்கப்பூர் வரை 1,000 கிலோமீட்டர் தூரத்தை 12 நாளில் ஓடி முடித்தார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 84 கிலோமீட்டர். அதாவது இரண்டு மாரத்தான். மறுநாள் காலை எழுந்து இன்னும் இரண்டு! 35 டிகிரி வெயில், இடுப்பு வலி, சிறுநீர்ப்பாதைத் தொற்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, பெண்களுக்கு விளையாட்டின்வழி கைகொடுக்கும் அறப்பணிக்காக அவர் நிதியும் திரட்டினார். படங்களில் நம் கண்ணில் படுவது ஓடுபவர்தான். ஆனால் உணவும் பனிக்கட்டியும் மாற்றுக் காலணியும் சுமந்து கூடவே வரும் ஒரு குழு இல்லாமல் இப்படி ஓர் ஓட்டம் நடக்காது.

வானொலியிலும் அப்படித்தான். உங்களுக்குக் கேட்பது என் குரல் மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நேரத்தையும் பாட்டையும் தொலைபேசி அழைப்பையும் கவனிப்பவரின் பெயர் பலருக்குத் தெரியாது.

நேட்டலி ஓடியது சாலையில். காட்டுப்பாதையிலும் மலைப்பாதையிலும் இதே போன்ற வேகச் சாதனைகள் உண்டு. 'எஃப்கேடி' என்பார்கள், அந்தப் பாதையில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த நேரம் என்று பொருள். பதக்கம் கிடையாது, ஏற்பாட்டாளர் கிடையாது, கைதட்டக் கூட்டமும் கிடையாது. இதில் மூன்று வகை. எல்லாவற்றையும் தானே சுமந்து, வழியில் ஓடைத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்வது ஒன்று. வழியிலுள்ள கடைகளில் வாங்கிக்கொள்வது, முன்கூட்டியே அஞ்சலில் அனுப்பிவைத்த பொருளை எடுத்துக்கொள்வது இன்னொன்று. துணைக்குழுவோடு ஓடுவது மூன்றாவது.

இந்த மூன்றாவது வகையில் உலகமே கவனிக்கும் பாதை, அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடம். கிட்டத்தட்ட 3,500 கிலோமீட்டர், முழுக்க மலையும் காடும். 2024 செப்டம்பரில் டாரா டவர் அதை 40 நாள், 18 மணி, 6 நிமிடத்தில் முடித்தார். அதற்கு முந்தைய சாதனை ஆண் ஒருவருடையது. பெல்ஜியத்துப் பல் மருத்துவர் காரல் சாப், 2018ல் 41 நாள், 7 மணி, 39 நிமிடம். டாராவின் துணைக்குழுவில் அவருடைய அம்மாவும் இருந்தார்.

அதே தடத்தில் 2011ல் ஜெனிஃபர் ஃபார் டேவிஸ் சென்றபோது துணைக்கு வந்தவர் அவருடைய கணவர் புரூ. நியூ ஹாம்ப்ஷியர் மலைகளை அடைந்தபோது ஜெனிஃபரின் முன்கால் எலும்பில் கடும் வலி, குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு. "போதும், நிறுத்திவிடுகிறேன்" என்ற முடிவுக்கு வந்துவிட்டார். கணவர் அவரைத் திட்டவில்லை, வீரவசனமும் பேசவில்லை. நிறுத்துவதென்றால் நிறுத்தலாம், ஆனால் இப்போதே வேண்டாம், முதலில் சாப்பிடு, மருந்து எடுத்துக்கொள், பிறகு முடிவு செய்யலாம் என்ற மாதிரி சொல்லியிருக்கிறார். ஜெனிஃபர் தொடர்ந்தார். 46 நாள், 11 மணி, 20 நிமிடத்தில் அன்றைய சாதனையையும் படைத்தார்.

இந்த வேலை நமக்குப் புதிதில்லை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி எடுப்பவரைச் சுற்றி வருபவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் கையில் சின்ன முக்காலி, ஒருவர் தண்ணீர் வைத்திருப்பார், ஒருவர் பாதத்தைப் பார்த்துக்கொள்வார். கால் தளரும் இடத்தில் "வேல் வேல்" என்று குரல் உயரும். பக்தியும் சாதனை ஓட்டமும் ஒன்றல்ல. ஆனால் துணை நிற்கும் முறை ஒன்றுதான். காவடி எடுப்பவர் வாய்திறந்து கேட்பதற்குமுன் முக்காலி வந்துவிடும்.

நெடுந்தூர ஓட்டத்திலும் அந்த 'கேட்பதற்குமுன்' என்பதுதான் முக்கியம். பத்து மணி நேரம் ஓடியவரிடம் "என்ன சாப்பிடுறே?" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்பார். கஞ்சியையும் வாழைப்பழத்தையும் காட்டி "இதுவா, அதுவா?" என்று கேளுங்கள். ஒன்றை எடுப்பார். இனிப்பு ஜெல் திகட்டிப்போன நேரத்தில் உப்புப் போட்ட தயிர்சாதம் தேவாமிர்தம்.

தண்ணீரில் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை சுலபத்தில் உலராது, அதனால் உடம்பும் லேசில் குளிராது. பயந்துபோய்த் தண்ணீரை மட்டும் மேலும் மேலும் குடிக்க வைத்தால், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம். அன்பாக நீட்டிய போத்தலே ஆபத்தாகிவிடலாம்.

அடுத்தது ஆகக் கடினமான வேலை. எப்போது நிறுத்தச் சொல்வது?

நம் குடும்பங்களில் இரண்டு பழக்கம் உண்டு. அம்மா முதல் அரை மணி நேரத்திலேயே "போதும்யா, வீட்டுக்கு வா" என்பார். நண்பர்களோ கடைசிவரை "விடாதடா மச்சான்!" என்று கத்துவார்கள். இரண்டிலும் அன்பு இருக்கிறது. ஆனால் ஓடுபவரின் முகத்தை இரண்டு பேருமே பார்ப்பதில்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலைப்பாதைப் போட்டியின்போது வானிலை திடீரென்று மோசமாகி, கடுங்குளிரில் 21 ஓட்டக்காரர்கள் உயிரிழந்தார்கள். மன உறுதி எல்லாவற்றையும் வென்றுவிடும் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

வலி வேறு, ஆபத்து வேறு. கால் வலிக்கிறது, கொப்புளம், அலுப்பு, அழுகை: இவையெல்லாம் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் சரியாகக்கூடியவை. புரூ சொன்னதுபோல் முதலில் சாப்பிடட்டும். ஆனால் பேச்சு குழறினால், நேராக நடக்கத் தடுமாறினால், எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாவிட்டால், ஓட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. வெயிலில் அப்படி ஆனால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறி, 995ஐ அழையுங்கள். அவர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். அந்த நேரத்தில் அவர் வார்த்தையை நம்பாதீர்கள்.

நம் தீவிலும் நீண்ட தடங்கள் இருக்கின்றன. பழைய மலாயா ரயில் தண்டவாளம் இருந்த இடத்தில் 24 கிலோமீட்டர் பசுமைவழி, ஜூரோங் லேக் கார்டன்ஸிலிருந்து கோனி தீவு வரை 36 கிலோமீட்டர் 'கோஸ்ட் டு கோஸ்ட்' தடம். உங்கள் அண்ணனோ மகளோ அலுவலக நண்பரோ அடுத்த மாதம் அங்கே கிளம்பலாம்.

"நானும் வர்றேன்" என்று சொல்லுங்கள். முதல் நாள் இரவு, அவர் மனம் தெளிவாக இருக்கும்போது, கோப்பி போட்டுக் கொடுத்து இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நாளைக்கு எது நடந்தா நான் உன்னை நிறுத்தணும்?" பதிலை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முப்பதாவது கிலோமீட்டரில் அவர் உங்களோடு சண்டை போட்டால், அந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.