சின்னப் பெட்டி போதும், கண்ணுகளா!



ஒரு காலத்தில் கிடாரைச் சினிமாவில்தான் பார்ப்போம். இப்போது எங்கள் நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கத்திலும் கிடார் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மிக்க மகிழ்ச்சி. எலெக்ட்ரிக் கிடார் கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி பிறக்கும். அதை வீட்டில் வாசிக்க எந்த ஆம்ப்ளிபயர் வாங்குவது?

"பெரிசா வாங்குங்கப்பா, தெருவே அதிரணும்!" என்பது பிள்ளைகள் கட்சி. "அந்தப் பெட்டியே வீட்டுக்குள் வரக் கூடாது!" என்பது அம்மாக்கள் கட்சி. நான் இரண்டிலும் இல்லை. வாங்குங்கள், ஆனால் சின்னதாக வாங்குங்கள் என்பதே என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊரின் பெயரை நாடறியச் செய்தவர் நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001). 1981-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் கையில் இருந்த நாதஸ்வரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆச்சா மரத்தில் கடைந்த குழல், நுனியில் ஒரு சீவாளி, அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது, பெட்டி கிடையாது. ஆனாலும் கோயில் வீதியில் சாமி புறப்பாட்டின்போது வாசித்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம் அது. சத்தத்தைக் குறைக்க அதில் திருகும் குமிழ் எதுவும் இல்லை.

எலெக்ட்ரிக் கிடார் இதற்கு நேர் எதிர். அதன் உடல் பெரும்பாலும் கெட்டிப் பலகை. மரக் கிடாருக்கு இருப்பதுபோல உள்ளே வெற்றிடம் கிடையாது. அதனால் பெட்டியில் இணைக்காமல் மீட்டினால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கே சன்னமாகத்தான் கேட்கும். அதற்குக் குரல் கொடுப்பதே ஆம்ப்ளிபயர்தான். எவ்வளவு குரல் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். நாதஸ்வரக் கலைஞருக்குக் கிடைக்காத வசதி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது!

இது எப்படி வேலை செய்கிறது? கம்பிகளுக்குக் கீழே 'பிக்கப்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் காந்தமும், அதைச் சுற்றி முடியைப்போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளும் இருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால், செம்புச் சுருளில் சின்னஞ்சிறு மின்சாரம் பிறக்கும். 1831-ல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அறிவியல் பாடத்தில் வருமே, அதேதான். அந்தச் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது ஆம்ப்ளிபயர்.

இந்த ஏற்பாடு வந்ததே சத்தத்துக்காகத்தான். அமெரிக்காவில் நடன இசைக்குழுக்களில் மற்ற வாத்தியங்களின் இரைச்சலில் கிடார் காதில் விழவில்லை. அதற்கு வழி தேடிய ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1931-ல் ஓர் எலெக்ட்ரிக் கிடாரை உருவாக்கினார். வட்ட உடலும் நீண்ட கழுத்தும் இருந்ததால் அதற்கு 'வறுக்கும் சட்டி' என்றே பட்டப்பெயர்! ஆக, பெரிய கூடத்தில் நூறு பேருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக வந்தது அது. உங்கள் வீட்டு அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நீங்கள் ஒருவர். அந்த ஒருவருக்கு எவ்வளவு சத்தம் வேண்டும்?

இங்கே ஒரு கணக்கு. கடையில் 10 வாட் பெட்டியும் 100 வாட் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நூறு வாட் பெட்டி பத்து மடங்கு சத்தம் போடும் என்று நினைப்பீர்கள். இல்லை! ஸ்பீக்கர்கள் ஒரே மாதிரி என்றால், நம் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் தெரியும். வாட் பத்து மடங்கு கூடினால் ஒலி 10 டெசிபல் கூடும். பத்து டெசிபல் கூடினால் காது அதை இரு மடங்கு என்று உணரும். நம் செவியின் கணக்கு அப்படி.

இதைத் திருப்பியும் பாருங்கள். 100 வாட்டை 10 வாட்டாகக் குறைத்தாலும் சத்தம் பாதியாகத்தான் குறையும். அதாவது 10 வாட் என்பதே வீட்டுக்குத் தாராளம். ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 90 டெசிபல் எழுப்பும் கிடார் ஸ்பீக்கர்கள் உண்டு. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவுதான். ஆகவே 5 வாட், 10 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

பெரிய பெட்டியை வாங்கிக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பல பெரிய பெட்டிகளில் குமிழை இம்மியளவு திருப்பினாலே சத்தம் எகிறிவிடும். குறைந்த ஒலியில் நிதானமாக நிறுத்துவது கடினம். விலையும் கூடுதல், இடமும் அடைக்கும். வாசல் கூட்ட எதற்கு வைக்கோல் வண்டி?

சரி, கடைக்குப் போகும் முன் முதல் கேள்வியை உங்களையே கேளுங்கள். உங்களிடம் இருப்பது எந்தக் கிடார்? நடுவில் வட்டத் துளை உள்ள மரக் கிடார் என்றால் வீட்டுக்கு ஆம்ப்ளிபயரே வேண்டாம். அதன் வயிறே அதற்குப் பெட்டி. அப்பாவின் பணம் மிச்சம்!

எலெக்ட்ரிக் கிடார்தான் என்றால், சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ பெரியவர்களோடு போய் இவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

ஒன்று: ஹெட்போன் மாட்டும் துளை இருக்கிறதா? இது கட்டாயம். அதில் ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள்.

இரண்டு: பாட்டை உள்ளே அனுப்பும் வழி உண்டா? செல்போனிலிருந்து பாட்டையோ தாளத்தையோ ஒலிக்கவிட்டு, கூடவே வாசித்துப் பழகலாம். தாளம் நிற்க இது நல்ல வழி.

மூன்று: மெதுவாக வைத்துக் கேளுங்கள். கடைக்காரர் சத்தமாக வைத்துக் காட்டுவார், எல்லாமே இனிமையாகத்தான் இருக்கும். குறைந்த ஒலியில் நம் காதுக்குக் கனத்த சுரங்கள் சரியாக எடுபடாது. 1933-லேயே பிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே வீட்டில் எந்த அளவில் வாசிப்பீர்களோ, அந்த அளவில் எந்தப் பெட்டி நன்றாக ஒலிக்கிறதோ அதுவே உங்கள் பெட்டி.

நான்கு: மின்சாரமா, பேட்டரியா? பென்டர் நிறுவனத்தின் 'பிராண்ட்மேன் 10ஜி' போன்றவை மின்சாரத்தில் ஓடும் 10 வாட் பெட்டிகள். பாஸ் நிறுவனத்தின் 'கடானா மினி' 7 வாட், பேட்டரியிலும் ஓடும். வாக்ஸ் நிறுவனத்தின் 'ஆம்பிளக்' இன்னும் குட்டி.  கிடாரிலேயே செருகி, ஹெட்போனில் கேட்க வேண்டியதுதான். இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இப்படியும் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்து: மின்சாரத்தில் ஓடுவது என்றால் பாதுகாப்பைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்தது என்றால், அது 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருக்கலாம். நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். மூன்று முள் பிளக் உள்ள பெட்டியை எர்த் சரியாக உள்ள பிளக் பாயிண்ட்டில்தான் செருக வேண்டும். கிடாரின் கம்பிகள் வயர் வழியாக அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கும். எனவே முள்ளை உடைப்பது, இரண்டு முள் அடாப்டர் போடுவது எல்லாம் கூடவே கூடாது. ஈரக் கையோடும் தொடக் கூடாது.

சரி, ஹெட்போன் போட்டுவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை, எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் வைக்கலாமா? இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். இங்கிலாந்தின் 'தி ஹூ' இசைக்குழுவில் பீட் டவுன்ஷெண்ட் என்ற கிடார் கலைஞர் இருக்கிறார். 1960-களில் பெரிய சத்தம் வேண்டும் என்று கேட்டு, ஜிம் மார்ஷல் என்பவரிடம் 100 வாட் ஆம்ப்ளிபயர்களைச் செய்து வாங்கியவர்களில் அவர் ஒருவர். பின்னாளில் அவருடைய செவித்திறன் பாதிக்கப்பட்டது. ஸ்டூடியோவில் ஹெட்போனைச் சத்தமாக வைத்துக் கேட்டதே அதற்குக் காரணம் என்று அவரே சொன்னார்.

நம் உட்செவியில் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்குச் சொல்வது அவைதான். அறுந்த நகம் வளரும், பால்பல் விழுந்த இடத்தில் புதுப் பல் முளைக்கும். ஆனால் இந்தச் செல்கள் அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் வளராது. குழந்தைகள் செல்போன் போன்ற கருவிகளில் கேட்கும் ஒலி, வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 75 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினால் அந்த நேரமும் பாதியாகக் குறையும். ஆகவே முதலில் குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஹெட்போனை மாட்டுங்கள். அதன் பிறகு மெல்ல ஏற்றுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று அக்கா சாதாரணமாகக் கூப்பிடுவது கேட்காவிட்டால், சத்தம் அதிகம் என்று பொருள். அரை மணிக்கு ஒருமுறை கழற்றிவைத்துக் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

ஹெட்போன் இல்லாமல் வாசிக்கும்போது பெட்டியைச் சுவரோரமோ மூலையிலோ வைக்காதீர்கள். மூலையில் வைத்தால் கனத்த ஒலி இன்னும் கூடும். அந்த ஒலிதான் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவது. நாற்காலியின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, உங்கள் முகத்துக்கு நேராகப் பெட்டியை வையுங்கள். சத்தம் குறைவாக இருந்தாலும் தெளிவாகக் கேட்கும்.

அடுத்த வீட்டை ஏன் நினைக்க வேண்டும்? நம் ஊர்களில் பல வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பவை. அந்தப் பக்கம் இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டுப் பகலில் கண்ணயரும் மாமா இருக்கலாம். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் அக்கா இருக்கலாம். காய்ச்சலில் படுத்திருக்கும் பாட்டி இருக்கலாம். நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000-ம் ஆண்டிலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் ஒலி அளவு பகலில் 55 டெசிபலுக்கும், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை 45 டெசிபலுக்கும் மிகக் கூடாது என்கின்றன அவை. விதியை விடுங்கள். அந்தப் பாட்டி உங்களுக்கு முறுக்கு கொடுத்தவர் அல்லவா?

இன்னொன்றையும் பெற்றோர் காதில் போட வேண்டும். சத்தத்துக்குப் பயந்து வாத்தியத்தையே பரணில் ஏற்றிவிடாதீர்கள். வீட்டுக்கு வீடு புகார், தினம் ஒரு சண்டை என்றால் பிள்ளை மனம் ஒடிந்து வாசிப்பதையே விட்டுவிடும். அப்படி நின்றுபோகும் சங்கீதம் எத்தனையோ. பெரிய பெட்டி வாங்கினாலும் அதே கதைதான் முடிவு. சின்னப் பெட்டி வாங்கினால் கிடார் பரணுக்குப் போகாது, தினமும் கையில் இருக்கும்.

"மெதுவா வாசிச்சா கெத்தா இருக்காதே!" என்கிறீர்களா? மாண்டலின் சீனிவாசைத் தெரியுமா? 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். 1978-ல், ஒன்பது வயதில், குடிவாடாவில் முதல் கச்சேரி செய்தவர். 2014-ல் மறைந்தார். சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக இருக்கும். அவர் வாசித்ததோ ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். மீட்டிய சுரம் உடனே மங்கிவிடாமல் நீண்டு நின்றால்தானே கமகத்தை இழைக்க முடியும்? அதற்கு மின்சாரம் அவருக்குக் கைகொடுத்தது. அவர் பெயர் நிலைத்தது சத்தத்தால் அல்ல, அந்த இழைப்பால்தான்.

மெல்ல வாசிக்கும்போது இன்னொரு லாபமும் உண்டு. பெருஞ்சத்தம் தவறுகளை மூடிவிடும். மெல்லிய ஒலியிலோ தப்பிய விரலும் தளர்ந்த தாளமும் பளிச்சென்று தெரியும், திருத்திக்கொள்ளலாம். பள்ளி ஆண்டு விழாவில் மேடை ஏறும் நாளில் பெரிய பெட்டியை ஒலிபெருக்கிக்காரர் கொண்டுவருவார். அதற்கு அன்றைக்கு வாடகை கொடுத்தால் போதும். விரல்களின் பழக்கத்தை மட்டும் யாரும் வாடகைக்குத் தர மாட்டார்கள். அதை நீங்கள்தான் சின்னப் பெட்டியின் முன் உட்கார்ந்து தினமும் சேர்க்க வேண்டும்.

என்ன கண்ணுகளா, கடைக்குப் புறப்படும் முன் இந்தப் பக்கத்தை அம்மா அப்பாவிடமும் காட்டுவீர்கள்தானே? நன்றாகப் பழகுங்கள். வாழ்த்துகள்!