கமிட்டியில் தாய்மார்களுக்கு இடம் எங்கே?

விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது ஆண், பெண் என்ற பேதமில்லை. வெட்டுக்கத்தி பிடிப்பதிலும், வாளி சுமப்பதிலும், ஸ்டோரில் பால் நிறுக்க வரிசையில் நிற்பதிலும் பேதமில்லை. ஆனால், தோட்டக் கமிட்டி கூடும் மாலையில் மட்டும் நாற்காலிகளில் ஆண்களே அமர்ந்திருக்கிறார்கள். தாய்மார்கள் வாசலோரம் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்கள் பலவற்றில் நாம் காணும் காட்சி இது.

"பெண்களுக்குச் சங்கக் காரியம் தெரியாது" என்பார் உண்டு. இது வரலாறு அறியாதார் பேச்சு. 1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பலர், மலாயாத் தோட்டத்து லயங்களிலிருந்து சென்ற பெண்கள். பழக்கினார்கள், துப்பாக்கி பிடிக்கவும் பழகினார்கள். அப்படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் பின்னர் மேலவை உறுப்பினரானார். மற்றொருவரான ராசம்மா பூபாலன், 1960-இல் ஆசிரியைகளுக்கெனத் தனிச் சங்கம் கண்டு, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டார். இனபேதமின்றி ஆசிரியைகள் ஒன்றாக நின்றனர். 1969-இல் அரசாங்க ஊழியத்தில் சம ஊதியம் கிட்டியது.

தோட்டத்துக் கதையையும் நினைவுகூர்வோம். 1937-இல் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசைக் குறைத்தவர்கள் எந்த வெட்டுக்காரியிடம் கருத்துக் கேட்டார்கள்? பேசும் இடத்தில் ஆளில்லாதவர்களின் பங்குதான் முதலில் குறையும்.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. வேலையிடத்தில் பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை முதலாளி எல்லாரும் காணும்படி ஒட்டிவைக்க வேண்டும். நல்லதே. ஆனால், தீம்பாரில் தொல்லைக்கு ஆளான ஒரு பெண், ஆண்களே நிறைந்த கமிட்டியின் முன் வந்து வாய் திறப்பாளா? புகார் வரவில்லை என்பதால் குறையில்லை என்று ஆகிவிடாது. கேட்க ஒரு பெண் இருந்தால் பேசப் பெண்கள் வருவார்கள்.

நம் மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. கோலப்பிலா, ரெம்பாவ் வட்டாரத்து மலாய்க்காரர்களின் அடாட் பெர்பாத்தே வழக்கத்தில் பரம்பரை நிலம் தாய்வழியே மகளுக்குப் போகிறது. பெண் கையில் நிலத்தை நம்பிக் கொடுக்கும் அண்டை வீட்டாரைப் பார்த்தாவது, பெண் கையில் கமிட்டிப் புத்தகத்தைக் கொடுக்க நாம் தயங்கலாமா?

ஆகவே நாம் கூறுவது இது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கட்டும். ஒருத்தி தனியாக அமர்ந்தால் அடங்கிப் போவாள். இருவர் இருந்தால் ஒருவருக்கொருவர் துணை. அடுப்பு எரியும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "பெண்கள் வரவில்லை" என்று குறை சொல்ல வேண்டாம். வேலை முடிந்த பிற்பகலில் வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்துங்கள். இன்று பக்கத்து நிரையில் வெட்டுபவள் மலாய்ப் பெண்ணாகவோ, இந்தோனேசியாவிலிருந்து வந்தவளாகவோ இருக்கலாம். கூட்டத்தில் பேசியதை மலாயிலும் சொல்லுங்கள். அவளை விட்டுவிட்டுப் பெறும் ஒற்றுமை அரை ஒற்றுமைதான்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளச் சீட்டைப் படிக்கவும், கூட்டக் குறிப்பு எழுதவும், நிர்வாகத்துக்குக் கடிதம் வரையவும் வாரம் ஒரு மணி நேரம் கற்றுக் கொடுங்கள். தலைமை பிறவியில் வருவதன்று, பழக்கத்தில் வருவது. முதல் நாள் மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டியவர் நம்மில் எவர்?

தாய்மார்களே, யாரும் அழைக்கட்டும் என்று காத்திராதீர்கள். அடுத்த கமிட்டித் தேர்தலில் உங்கள் பெயரை நீங்களே கொடுங்கள். ஆண் தோழர்களே, அந்தப் பெயரை வழிமொழிய முதலில் எழுந்து நில்லுங்கள்!