புள்ளி அறியாத கைக்குப் பொறி துணையாகுமா?

கணினி வந்துவிட்டது, இனிப் பிள்ளைகள் கையால் புள்ளியிட்டுப் பழகுவது வீண் என்பர் சிலர். ஓவிய மென்பொருளில் 'ஸ்னாப்' என்னும் வசதியை இயக்கிவிட்டால், வடிவத்தை எங்கே இழுத்தாலும் அருகிலுள்ள கட்டத்தில் தானே ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்தம் வாதம். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் ஓவிய வகுப்பில் இவ்வாதம் வேரூன்றுமானால் இழப்பு மாணவர்க்கே.

கருவியைப் பழிப்பது அறிவுடைமை ஆகாது. 1963-இல் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்'டிலேயே ஒளிப்பேனா அருகிலுள்ள புள்ளியைப் பற்றிக்கொண்டது. நடுங்கும் கைக்கு அது நல்ல ஊன்றுகோல். ஆயினும், எந்தக் கட்டத்தில் ஒட்டவேண்டும் என்பதைப் பொறி அறியுமா? வரைபவரன்றோ அறிதல் வேண்டும்?

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களே இதற்குச் சான்று. சமநிலத்தில் செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவர், சதுரமாக அன்று. மேட்டு நிலத்திலோ மண் அரிக்காதிருக்க நேர்நிரையைக் கைவிட்டு, மேட்டின் வளைவையொட்டிப் படிகள் வெட்டுவர். நிலம் அறிந்தே நிரை அமைகிறது.

தோட்டவீட்டு வாசலிலும் இதே அறிவு உண்டு. நேர்ப்புள்ளிக் கோலம் சதுரக் கட்டத்தில் அடங்கும். ஊடுபுள்ளிக் கோலத்திலோ ஒவ்வொரு வரிசையும் முன்வரிசையின் இடைவெளியில் தள்ளி நிற்கும். மென்பொருள் முதலில் நீட்டுவது சதுரக் கட்டத்தையே. 'இங்க்ஸ்கேப்' போன்றவற்றில் சாய்கட்டமும் உண்டு. ஊடுபுள்ளி வைத்தறியாத பிள்ளை அதனைத் தேடுமா?

சிக்குக்கோலத்தில் இடர் இன்னும் பெரிது. அங்கே கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைகிறது. புள்ளியிலேயே ஒட்டுமாறு பணித்தால் கோலம் சிதையும். இரு புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் கடக்கும் இடமே ஒட்டுமிடமாதல் வேண்டும். 1974-இல் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணினி இலக்கணத்தால் விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அந்த இலக்கணம் பாட்டிமார் விரல்களில் அதற்கு முன்பே வாழ்ந்தது!

எழுத்தையும் காண்க. 'கல்', 'பூ' என்னும் சொற்களை வடிவங்களாக மாற்றி, நடுமட்டம் ஒன்றாகுமாறு பொறியிடம் விட்டால் என்ன நேரும்? மெய்ப்புள்ளி மேலே நிற்பதால் 'கல்' தாழும். கால் கீழே இறங்குவதால் 'பூ' உயரும். பொறியின் கணக்கில் இரண்டும் நேர், கண்ணுக்கோ கோணல். கோணலைக் காணும் கண் பயிற்சியால் வருவது. பொத்தானை அழுத்தினால் வராது.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கணினி அறைக்கு அழைத்துச் செல்லுமுன், ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு நேர்ப்புள்ளிக் கோலமும், ஓர் ஊடுபுள்ளிக் கோலமும், ஒரு சிக்குக்கோலமும் கையால் போட்டு முடிக்கட்டும். அதன்பின் பொறியைத் தருக. அப்போது அது பணியாள். முன்னரே தந்தால் அதுவே எசமான்; பிள்ளை அதன் கட்டத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும்.