தணிக்கைக்கு இரண்டு வாரம் முன்பு எழுதும் பதிவேடு

கடலை எண்ணெய், மஞ்சள் தூள் என்று மதிப்புக் கூட்டி விற்க முனையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம், பெரிய கொள்முதலாளர்கள் விலை பேசும் முன்பே தரச் சான்றிதழைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தர மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 9001, உணவுப் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 22000. இவற்றுக்கு வெளித் தணிக்கை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் ஆவணங்களைப் பார்ப்பார்கள், பிறகு ஆலைக்கே வருவார்கள். சான்றிதழ் மூன்றாண்டுக்குச் செல்லும் என்றாலும் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு.

நம் நிறுவனங்கள் பலவற்றில் ஆயத்தம் என்பது, கடைசி இரண்டு வாரத்தில் ஆலோசகர் ஒருவரை அழைத்து ஓராண்டுப் பதிவேட்டை ஒரே பேனாவில் எழுதி முடிப்பதாக இருக்கிறது. ஆலை பூட்டிக் கிடந்த பொங்கல் நாளிலும் ஈரப்பதம் அளந்ததாகப் பதிவு இருக்கும். அனுபவமுள்ள தணிக்கையாளருக்கு இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும்.

அவர் செய்வது எளிமையானது. கிடங்கில் இருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, அதன் லாட் எண்ணைச் சொல்லி, பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவார். எந்த நாளில் ஆட்டியது? எந்த மூட்டைகள்? எந்தெந்த உறுப்பினர்கள் கொடுத்தது? கொள்முதலின்போது ஈரப்பதம் எவ்வளவு, அளந்தது யார்? அடுத்து வரவு செலவுக் கணக்கு. கடலைப் பருப்பில் இருக்கும் எண்ணெயே ஏறத்தாழப் பாதிதான். 100 கிலோ பருப்பில் 60 கிலோ எண்ணெய் எடுத்ததாகக் கணக்கு காட்டினால், மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்பாரா, மாட்டாரா?

உண்மையான சிக்கல் கொள்முதல் களத்தில்தான் இருக்கிறது. சரியாகக் காயாத கடலையைக் கிடங்கில் அடுக்கினால் பூசணம் பிடிக்கும், அஃப்ளாடாக்சின் நஞ்சு உருவாகும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொண்டுவந்தவர் இயக்குநரின் மைத்துனர் என்றால் மானி பையிலேயே இருந்துவிடுகிறது. ஓராண்டில் ஒரு மூட்டைகூடத் திருப்பி அனுப்பப்படவில்லை என்று சொல்லும் பதிவேட்டை நான் நம்பமாட்டேன். திருப்பி அனுப்பிய மூட்டையும் அதற்கான காரணமும் எழுதப்பட்டிருப்பதுதான் நிறுவனத்துக்குப் பலம்.

வெளியார் வருவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே உள்தணிக்கையை முடித்துவிட வேண்டும். கொள்முதல் பார்ப்பவர் விற்பனையையும், விற்பனை பார்ப்பவர் கொள்முதலையும் சோதிக்கட்டும். தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது. கண்ட குறைகளை மறைக்காமல் எழுதி, இயக்குநர் கூட்டத்தில் வைத்து, யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று தீர்மானம் போட வேண்டும். நாமே கண்டு திருத்திய குறை நமக்கு எதிராகப் போகாது. உள்தணிக்கையே நடத்தாதது பெருங்குறையாக எழுதப்படும், சான்றிதழும் அதோடு நின்றுவிடும்.

இன்னொன்று. செயல்முறைக் கையேட்டை வேறொரு நிறுவனத்திடம் வாங்கி, பெயரை மட்டும் மாற்றி ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள். செக்கடியில் நிற்கும் பெண் அதை எப்படிப் படிப்பார்? தணிக்கையாளர் கேள்வி கேட்கப் போவது அவரிடம்தான். கையேடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று எந்தத் தரநிலையும் சொல்லவில்லை. நான்கு பக்கம் தமிழில், அங்கு நடப்பது நடந்தபடி இருந்தால் போதும்.

தராசு முத்திரை, பணியாளர் மருத்துவச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவற்றின் காலாவதித் தேதிகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்.

களப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அன்பின் பேரில் அவர்களுக்காகப் பதிவேட்டை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை போகும்போது கிடங்கில் ஒரு பாட்டிலை எடுத்து, அது எந்த உறுப்பினரின் கடலை என்று கேளுங்கள். பதில் வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள்.