மொட்டை மாடியில் ஒரு விண்கலம்



சென்ற திங்களில் தாய் ஒருவர் தம் மகனைக் கையோடு பங்கு இல்லத்துக்கு அழைத்து வந்தார். "சாமி, இவனைக் கண்டியுங்கள். பட்டாசு மருந்தைக் குழாயில் அடைத்து மொட்டை மாடியில் ராக்கெட் செய்கிறான்" என்றார். பத்தாம் வகுப்பில் பயிலும் அப்பையனோ, "நானே விண்கலம் செய்து, அதில் ஏறிப் பூமியைச் சுற்றி வருவேன், சாமி" என்றான்.

சாளரத்தின் வழியே திருவண்ணாமலையைக் காட்டினேன். "அதன் உச்சியிலிருந்து கல்லை எறிந்தால் அடிவாரத்தில் விழும், இன்னும் விரைவாக எறிந்தால் போளூரில் விழும். காற்றின் தடை மட்டும் இல்லையாயின், வினாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த கல் தரையைத் தொடாது; அது விழ விழப் பூமியும் வளைந்து விலகும். அதுவே சுற்றுப்பாதை. அவ்வேகத்தில், இம்மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் பாதையை இரண்டு வினாடிக்குள் கடந்துவிடலாம்" என்றேன். பையன் திகைத்து நின்றான்.

தாமே கலம் செய்து பறக்க முயன்றோர் உண்டு. அமெரிக்கரான மைக் ஹியூஸ், சொந்தமாகச் செய்த நீராவி ராக்கெட்டில் ஏறி 2020 பிப்ரவரி 22 அன்று உயிரிழந்தார். டென்மார்க்கில் 2008-இல் தொடங்கிய ஆர்வலர் குழுவினரோ நிதானமுடையோர். சுற்றுப்பாதையை அன்று, விண்வெளியைத் தொட்டுத் திரும்புவதையே அவர்கள் நாடினர். 2011 ஜூன் 3 அன்று மனிதருக்குப் பதிலாகப் பொம்மையை வைத்து ஏவினர். அது 3 கிலோமீட்டர் உயரத்தைக்கூட எட்டவில்லை.

நம் நாட்டின் விண்வெளிப் பயணமோ ஓர் ஆலயத்தில் தொடங்கியது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவச் சிற்றூரில், புனித மகதலா மரியா ஆலயம் இருந்த இடத்தை விக்ரம் சாராபாய் வேண்டினார். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா பங்கு மக்களிடமே இசைவு கேட்டார் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். மக்கள் இசைந்தனர். ஆலயம் பணிமனையாயிற்று, ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று, ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியில் சென்றன. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து எழுந்த முதல் ராக்கெட்டும் அமெரிக்கா தந்ததே. ஏறத்தாழ 17 ஆண்டுகள் பலரும் கூடி உழைத்த பின்னரே, 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ எடையுள்ள ரோகிணியை நமது சொந்த ராக்கெட் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

இதைக் கேட்ட பையன், "அப்படியானால் தனியாக முடியாதா, சாமி?" என்றான். "முடியாது மகனே, ஆனால் தும்பாவிலும் ஒருவர் தனியாகத் தொடங்கவில்லையே" என்றேன்.

மருந்தைத் தண்ணீரில் ஊறவைக்கச் செய்து, அவனை இயற்பியல் ஆசிரியரிடம் அனுப்பினேன். இப்பொழுது நண்பர் இருவருடன், காற்றையும் தண்ணீரையும் கொண்டு பிளாஸ்டிக் புட்டியைப் பள்ளி மைதானத்தில் பறக்க விடுகிறான். பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் கையிலுள்ள மருந்தைத் தயங்காமல் வாங்கிவிடுங்கள். அவர்கள் உள்ளத்திலுள்ள ஆசைக்கோ நல்ல ஆசானையும் நல்ல தோழரையும் தேடிக் கொடுங்கள்.