சம்பளத்தைச் சொல்லிவிட்டு ஆள் எடுங்கள்

மதிப்பிற்குரிய தேசிய மரபுடைமைக் கழகத் தலைமை நிர்வாகி அவர்களுக்கு,

2025 ஜனவரியில் நம் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வேலையிட நியாய மசோதாவை நிறைவேற்றியது. வயது, பாலினம், இனம், சமயம், மொழி, உடற்குறை போன்ற காரணங்களுக்காக ஒருவரை வேலையிலிருந்து ஒதுக்குவது தவறு என்று வழிகாட்டி நெறிகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்ததற்கு இதனால் சட்டத்தின் பலம் கிடைக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அரும்பொருளகக் கல்விப் பணிகளைப் பொறுத்தவரை, அநீதி நேர்முகத் தேர்வு அறையில் நடப்பது குறைவு. யார் விண்ணப்பிக்கவே முடியும் என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்தச் சட்டமும் அந்த இடத்தை எளிதில் எட்டாது. ஆள் எடுப்பவர் நினைத்தால் எட்டலாம்.

மாணவர் குழுக்களை அழைத்துச் செல்வது, பயிற்சித்தாள் எழுதுவது, பட்டறை நடத்துவது, வழிகாட்டிகளைப் பழக்குவது எல்லாம் இந்தப் பணியில் அடங்கும். இதற்கான அனுபவத்தை ஒருவர் எங்கே பெறுவார்? பெரும்பாலும் தொண்டூழியத்தில். 1978இல் தொடங்கிய அரும்பொருளக நண்பர்கள் அமைப்பின் வழிகாட்டிகள் இந்நகரத்தின் காட்சிக்கூடங்களுக்குச் செய்துள்ள சேவை பெரிது. அதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. ஆயினும் மாதக்கணக்கில் நீளும் பயிற்சிக்கும் ஊதியமில்லாச் சுற்றுகளுக்கும் நேரம் ஒதுக்க, வீட்டில் வேறொரு வருமானம் வேண்டும். பகலில் கடை வேலை, மாலையில் துணைப்பாட வகுப்பு என்று ஓடும் ஓர் இளம் பட்டதாரிக்கு அது கிடையாது. விளம்பரத்தில் ‘அரும்பொருளக அனுபவம் விரும்பத்தக்கது’ என்ற ஒரு வரி வந்தால், அது திறமையை அளப்பதைவிடக் குடும்பத்தின் வசதியையே அதிகம் அளக்கிறது. தொண்டூழியர்கள் மனம் நோவார்களே என்பீர்கள். தொண்டு தொண்டாகவே இருக்கட்டும். அதை வேலைக்கு நுழைவுச்சீட்டாக்க வேண்டாம் என்பதுதான் கோரிக்கை. வகுப்பறையிலோ நூலகத்திலோ சமூக மன்றத்திலோ பிள்ளைகளைக் கட்டிப்போடத் தெரிந்தவரின் அனுபவத்துக்கும் அதே மதிப்பெண் கொடுங்கள்.

அடுத்தது சம்பளம். மைகெரியர்ஸ்ஃபியூச்சர் வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் சம்பள வரம்பைக் காட்டியாக வேண்டும் என்பது 2018 முதல் விதி. சிராங்கூன் சாலையில் ஒரு கடைக்காரர் அங்கே கணக்காளர் தேடினாலும் தொகையைச் சொல்லித்தான் தேட வேண்டும். பொதுத்துறை விளம்பரங்களோ பெரும்பாலும் தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப என்பதோடு நின்றுவிடுகின்றன. விண்ணப்பதாரருக்கு விண்ணப்பதாரர் அனுபவம் மாறுகிறதே, எப்படித் தொகை சொல்வது என்ற மறுப்பு நியாயமாகத் தோன்றும். அந்த மாற்றத்துக்கு இடம் தருவதற்குத்தானே வரம்பு என்ற ஒன்று இருக்கிறது? நியூயார்க் நகரத்தில், விளம்பரத்தில் சம்பள வரம்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்குள்ள பெரிய கலைக்கூடங்களும் அதற்கு உட்பட்டுத்தான் ஆள் எடுக்கின்றன. தொகையை மறைத்துவிட்டு முந்தைய சம்பளத்தைக் கேட்கும்போது, பகுதிநேரக் கூலியில் தொடங்கியவர் அடுத்த வேலையிலும் அந்தக் கூலியின் நிழலிலேயே நிற்கிறார்.

மொழி விஷயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2015இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. அங்கு வரும் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்க ஆள் வேண்டும். ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காட்டினர், பத்தாண்டுக்கு முன் 3.3. ஆக, காட்சிப் பொருளின் முன் நின்று பத்து வயதுப் பிள்ளைக்கு நல்ல தமிழில் கதை சொல்லக்கூடியவர் அரிதாகிக்கொண்டே போகிறார். அரிதான திறனுக்குச் சந்தையில் விலை உண்டு. ‘உங்களுக்குத் தமிழ் தெரியுமே, இந்தக் குறிப்பையும் கொஞ்சம் மொழிபெயர்த்துவிடுங்கள்’ என்று இலவச இணைப்பாக மட்டும் அதை வாங்கக்கூடாது. பணி விவரத்தில் எழுதி, அதற்குரிய படியையும் சேர்க்க வேண்டும். தமிழ் கேட்பதே பிறரைப் புறக்கணிப்பதாகாதா? பணிக்கு மெய்யாகவே தேவைப்படும் மொழியைக் காரணம் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. இனத்தைக் கேட்பதுதான் தவறு. எனவே அடையாள அட்டையைப் பார்க்காமல், ஒரு கண்ணாடிப் பேழையின் முன் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். தமிழ் கற்ற மலையாளியோ சீனரோ அதில் தேறலாம். அட்டையில் தமிழர் என்றுள்ளவர் தடுமாறலாம். அப்படி நடந்தால் தேறியவருக்கே வேலை.

சுயதொழிலாகச் சுற்று நடத்துபவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2020இல் கொவிட் வந்ததும் நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகம் முதலில் கைவிட்டவர்களில் அதன் ஒப்பந்தக் கல்வியாளர்களும் இருந்தார்கள். இங்கே அப்படி நேராமல், அடுத்த முழுநேர இடம் காலியாகும்போது, ஏற்கெனவே மணிக்கணக்கில் உழைத்தவருக்கு அறிவிப்பாவது முறையாகப் போய்ச் சேர வேண்டும். தேர்வுக்கென்று முழுப் பாடத்திட்டம் எழுதி வாங்கினால் அதற்கும் பணம் தர வேண்டும்.

செலவு கூடும் என்ற மறுப்பை நான் ஒதுக்கவில்லை. சம்பள வரம்பை அச்சிடுவதற்குச் செலவே கிடையாது. ஆகவே அதிலிருந்து தொடங்கலாம். கழகத்தின் அடுத்த கல்விப் பணி விளம்பரத்தில் அந்த இரண்டு எண்களையும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிங்கப்பூர் வாசகர்